நாலாவது கேள்வி

மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் கொட்டியது.

ஆக்ஸிலியா போக நினைத்தது இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பிரௌசிங் சென்டருக்கு. கொடைக்கானல் ஏழு ரோடு முக்கைத் தாண்டுவதற்குள் முந்தானை நனைந்து, கைப்பை நனைந்து... கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் ஒருவன் நின்று ஒயரை ஆணியில் சுற்றிக்கொண்டிருந்தான். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் குதித்தான். குதித்து நிமிர்ந்தபோது இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

நனைந்த இமைகள். அதற்குள்ளே இரண்டு கண்கள்... பயந்தும் இருந்தன, சண்டைக்கும் தயாராக இருந்தன. கடைக்காரன் மதன் அவற்றையே பார்த்தான். கையில் ஒயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"மெதுவா வாங்க மேடம். கம்ப்யூட்டரெல்லாம் எங்கயும் ஓடிப் போகாது."

"வாசல்ல ஸ்டூலைப் போட்டு மேல ஏறி நின்னா, வர்றவங்க எப்படி வர்றதாம்?"

"தட்டிட்டு வரலாம்ல?"

"கடைக்குக் கதவைத் தட்டிட்டா வருவாங்க?"

நியாயமான கேள்வி. மதன் தோற்றுப்போய் ஸ்டூலை ஓரமாக வைத்தான். ப்ளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் ஒரு காலண்டர். 2006 ஆகஸ்ட் பதினேழு, வியாழன். மணி மூன்று. அந்தத் தேதியும் நேரமும் பின்னால் தேவைப்படும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

"பிரிண்ட் எடுக்கணும். ஒரே பக்கம், முப்பத்திரண்டு காப்பி. எங்க ஸ்கூல் பிரிண்டர்ல இங்க் தீர்ந்துபோச்சு." ஈரக் கையால் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அதில் இணைய முகவரி ஒன்று எழுதியிருந்தது.

மதன் அதைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். 'மேல்மலைச் செய்தி' என்ற பக்கம் அது. எழுதுவது அவன்தான். அது ஊரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

சந்தோஷத்தில் காது வரை சூடானது. "இது... உங்களுக்குப் பிடிச்சிருக்கா மேடம்?"

"பிடிக்கிறதா? நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு இதைத்தான் காட்டப்போறேன். நெட்ல இருக்கிறதுல நம்பக்கூடாத பக்கம் எப்படி இருக்கும்னு."

பிரிண்டர் முதல் தாளை விழுங்கிக்கொண்டது.

திரையில் அந்தப் பக்கம் விரிந்திருந்தது. 'கவுஞ்சி மேட்டில் குறிஞ்சி பூத்துவிட்டது. மலை முழுக்க நீலம்.' கீழே ஒரு படம், சரிவெல்லாம் பூ.

"இதுல என்ன மேடம் தப்பு?" குரலை வலிந்து சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

ஆக்ஸிலியாவுக்கு இது பிடித்த விஷயம். உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டாள். "எழுதினது யாரு? பேரே இல்ல. எப்ப எழுதினது? தேதி இல்ல. எப்படித் தெரியும்? நேர்ல பார்த்தாரா, யாராவது சொன்னாங்களான்னு ஒரு வரி கெடையாது. வேற யாராவது சொல்றாங்களா? நானும் தேடிட்டேன், ஒருத்தரும் சொல்லல. இந்தப் படத்தைப் பாருங்க. இதே படம் மூணாறுல ஒரு லாட்ஜோட நெட் பக்கத்துல இருக்கு. ஓரத்துல என்ன தெரியுது சொல்லுங்க."

அவன் பார்த்தான். "...தேயிலைச் செடி."

"கவுஞ்சியில ஏதுங்க தேயிலை? பூண்டும் கேரட்டும்தானே? இதை எழுதினவன் கொடைக்கானல் பக்கமே வந்திருக்க மாட்டான்."

மதன் தாள்களை அடுக்கினான். ஓரங்களைத் தட்டித் தட்டி, தேவைக்கு மேல் நேராக்கினான். "படம் இரவல்னா விஷயமும் பொய்யா இருக்கணுமா மேடம்?"

"படத்துல பொய் சொன்னவர் எழுத்துல மட்டும் உண்மை சொல்வாராக்கும்?"

அவன் அடுக்கிய தாள்களை நீட்டினான். அவளுக்கு ஏனோ, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று இருந்தது. இப்படி யாரும் அவள் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் நல்ல மாணவனைப் போல... ஆனால் அந்தக் கண்களில் இருந்தது மாணவனின் பார்வை இல்லை. அவள் அவசரமாகக் காலண்டரைப் பார்த்தாள்.

மழை விடுகிற மாதிரி இல்லை. மதன் ஆணியிலிருந்து ஒரு கொங்காணியை எடுத்தான். உரச் சாக்கின் பிளாஸ்டிக்கை ஒரு மூலை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது. மேல்மலைக் காடுகளில் வேலை செய்யும் பெண்கள் மழைக்குப் போடுவது.

"எங்கம்மாவோடது. போட்டுக்கிட்டுப் போங்க."

"டீச்சர் இதைப் போட்டுக்கிட்டு ஏழு ரோட்டுல நடந்தா, பிள்ளைங்க சிரிக்கும்."

"நீங்க நனைஞ்சா பரவாயில்ல மேடம். பேப்பர் நனையக்கூடாது. முப்பத்திரண்டு பிள்ளைங்க நம்பாம இருக்கணும்ல?"

கிண்டலா, கோபமா... அவளுக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. கொங்காணியைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். உள்ளே பூண்டு வாசம் அடித்தது. வழியெல்லாம் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

மறுநாள் வகுப்பில் அவள் கரும்பலகையில் நாலு கேள்விகள் எழுதினாள். யார் சொன்னது? எப்போது? எப்படித் தெரியும்? வேறு யார் சொல்கிறார்கள்?

போன வருஷம் ஒரு பையன், கொடைக்கானல் ஏரி எரிமலை வெடித்து உண்டானது என்று புராஜெக்ட் எழுதிக்கொண்டு வந்தான். "நெட்ல போட்டிருக்கு மிஸ்" என்றான். அந்த ஏரிக்கரையில்தான் அவன் வீடு. அன்றைக்குத்தான் ஆக்ஸிலியா இந்தப் பாடத்தை நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தாள். பாடப் புத்தகத்தில் இது கிடையாது. தலைமை ஆசிரியையிடம் கெஞ்சி வாரத்துக்கு ஒரு பீரியட் வாங்கியிருந்தாள்.

பிள்ளைகள் தாளைப் பிய்த்து மேய்ந்தார்கள். "பேர் இல்ல மிஸ்." "தேயிலை இருக்கு மிஸ்." ஐந்து நிமிஷத்தில் 'மேல்மலைச் செய்தி' பொய் என்று வகுப்பே முடிவுகட்டியது. ஆக்ஸிலியாவும் தாளின் குறுக்கே சிவப்புப் பேனாவால் 'பொய்' என்று எழுதிக் காட்டினாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. செல்வமேரி. கவுஞ்சிக்காரப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். வாயே திறக்காதவள்.

"பூத்திருக்கு மிஸ். எங்க ஊர்ல."

"நீ பார்த்தியாம்மா?"

"இல்ல மிஸ்... அம்மா போன்ல சொன்னாங்க."

வகுப்பு சிரித்தது. செல்வமேரி தலை குனிந்தாள். குனிந்தபடியே சொன்னாள். "அந்தப் பக்கத்த எழுதுறது மதன் அண்ணன் மிஸ். ஏழு ரோட்டுல பிரௌசிங் சென்டர் வச்சிருக்காருல்ல... அவுங்களும் எங்க ஊருதான்."

சாக்பீஸ் ஆக்ஸிலியாவின் கையில் ஒடிந்தது.

கடவுளே... அவனிடமே போய், அவன் பக்கத்தையே, அவன் பிரிண்டரிலேயே!

சாயந்திரம் கொங்காணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"ஏன் சொல்லல நீங்க? என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"நீங்க சொன்னது எல்லாமே சரிதானே மேடம். எதை மறுக்கச் சொல்றீங்க?"

"பூத்திருக்கா, இல்லையா?"

"பூத்திருக்கு. எங்கம்மா பூண்டுக் காட்டுக்குப் போற வழியில தெனமும் பாக்குறாங்க."

"அப்ப பேர் போட்டு எழுத வேண்டியதுதானே?"

மதன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "போட்டுப் பாத்தாச்சு மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு பாதையில மண்ணு சரியப் போகுது, வண்டி விடாதீங்கன்னு எழுதினேன். 'அழகையா மகன் மதன்'னு கீழ போட்டேன். லாட்ஜ்காரங்க எல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? சிலோன்காரப் பயலுக்கு இந்த மலையப் பத்தி என்ன தெரியும்னாங்க. எங்கப்பாவும் அம்மாவும் அங்கிருந்து கப்பலேறி வந்து முப்பத்தோரு வருஷமாச்சு. நான் பொறந்ததே கவுஞ்சியில. எழுதின மூணாம் நாள் மண்ணு சரிஞ்சுது. அப்பவும் ஒருத்தனும் அதப் பத்திப் பேசல. அன்னிக்கே பேர எடுத்துட்டேன். பேர் இல்லாட்டி நம்புறாங்க மேடம்."

அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் டீச்சர் என்ற ஜாதிக்கு, வலித்தாலும் வாய் நிற்காது.

"பேர் இல்லாம நம்புறவங்க, நாளைக்குப் பேர் இல்லாத பொய்யையும் நம்புவாங்க. அவங்க நம்பிக்கைய வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவன் முகம் இறுகியது. "சரி மேடம். நீங்களும் நம்ப வேணாம்." கீபோர்டை இழுத்தான். நாலு தட்டு. திரையில் 'மேல்மலைச் செய்தி' இருந்த இடம் வெள்ளையாகிப் போனது. "அழிச்சாச்சு. உங்க பிள்ளைகளுக்கு இனி கொழப்பம் வராது. எனக்குச் சோலி கெடக்கு."

கொங்காணியை மேஜையில் வைத்துவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அன்றைக்கு மழை இல்லை. கன்னம் மட்டும் எப்படியோ நனைந்திருந்தது.

ஒரு வாரம் அவள் ஏழு ரோட்டைச் சுற்றி வேறு வழியில் பள்ளிக்குப் போனாள். போனால் மட்டும் என்ன... நினைப்பு அந்த வழியாகத்தானே போகிறது. அதைவிட ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. பூத்திருப்பது உண்மை என்றால், இன்னும் சில வாரத்தில் உதிர்ந்துவிடும். மறுபடி பன்னிரண்டு வருஷம் கழித்து, 2018-ல்தான். முப்பத்திரண்டு பிள்ளைகளும் போன தடவை பூத்தபோது கைக்குழந்தைகள். 'பொய்' என்று டீச்சர் சிவப்புப் பேனாவால் எழுதியதை நம்பி, பக்கத்து மலையில் இருப்பதைப் பார்க்காமலே விட்டுவிடும். அடுத்த பூவுக்கு இருபத்தாறு வயதில் எந்த ஊரில் என்ன வேலையில் இருக்குமோ?

அவள் கேட்ட கேள்விகளுக்கு அவளே பதில் தேடவில்லை. அதுதான் உண்மை.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, அப்பா சிலுவைராஜிடம் "ஸ்டூடண்ட் வீட்டுக்கு" என்று பாதி உண்மை சொல்லி, செல்வமேரியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். பூம்பாறை தாண்டியபோதுதான் கவனித்தாள்... முன் சீட்டில், கழுத்தில் இரவல் டிஜிட்டல் கேமராவோடு ஒரு பின்னந்தலை. எத்தனை பஸ் இருக்கிறது இந்த உலகத்தில்!

செல்வமேரிதான் காட்டிக் கொடுத்தாள். "மதன் அண்ணே, மிஸ் வந்திருக்காங்க."

அவன் திரும்பினான். கேமராவை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"பக்கத்தை அழிச்சாச்சுன்னீங்க?"

"பக்கத்தத்தான் அழிச்சேன் மேடம். நீங்க கேட்டத அழிக்க முடியல."

பஸ் மன்னவனூர் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது.

கவுஞ்சியில் இறங்கி, படிப்படியாக வெட்டிய பூண்டுக் காடுகளின் வரப்பில் நடந்தார்கள். மேகம் இன்னும் அப்படியேதான். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. கொங்காணி போட்ட ஓர் அம்மாள் களைக்கொத்தோடு நிமிர்ந்தாள். மதனின் அம்மா கந்தம்மாள்.

"இவங்கதானா அந்த டீச்சரம்மா?" மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டாள். "நில்லு தாயி. மேகம் ஏறட்டும். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும். அந்தப் படம் போட்டதுக்கு அவன ஏசாதீங்க. போடச் சொன்னது நான்தான்."

"நீங்களா?"

"அஞ்சாறு படம் காமிச்சு, எது நம்ம மேட்டுப் பூவு மாதிரி இருக்குன்னு கேட்டான். இதுல மூலையில தேயிலை இருந்துச்சு. கொழுந்து நல்லா வந்து கெடக்கு, கிள்ளுற பருவம். அதப் பாத்ததும் எனக்குப் பூவே கண்ணுல படல டீச்சரம்மா. சிலோன்ல எஸ்டேட் லயத்துல இருந்தப்ப, நான் கொழுந்து கிள்ள நின்ன நெரை மாதிரியே இருந்துச்சு. இதையே போடுடான்னு சொல்லிப்புட்டேன். கப்பலேறுன பொறகு தேயிலையக் கையால தொட்டதே இல்ல."

ஆக்ஸிலியா அப்படியே நின்றாள். படத்தின் அந்த மூலையைத்தான் அவள் பொய்க்கு ஆதாரம் என்று முப்பத்திரண்டு பேருக்குக் காட்டினாள். அதே மூலையில் இந்த அம்மாள் தன் இளமையைப் பார்த்திருக்கிறாள். படம் தப்புதான், இன்னமும் தப்புதான். ஆனால் தப்புக்குப் பின்னால் ஒரு ஏமாற்றுக்காரன் இருப்பான் என்று எவ்வளவு சுலபமாக முடிவு செய்துவிட்டாள்... வெட்கத்தில் கண் நிறைந்தது. மதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தானே வாங்கிக்கொண்டு நின்றானே என்று அவன் மேல் அவளுக்கு ஆசை பொங்கியது. ஆமாம், ஆசைதான். வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை.

அப்போது மேகம் ஏறியது.

முதலில் காலடியில் ஒரு புதர் தெரிந்தது. நீலமா, ஊதாவா என்று சொல்ல முடியாத சின்னச் சின்ன மணிகள். பிறகு பத்துப் புதர். பிறகு சரிவு. மேகம் விலக விலக அந்த நிறம் முடியவே இல்லை, எதிர் மேட்டில் ஏறி, அதற்கும் அப்பால் இருந்த மேட்டில் ஏறி, வானத்தோடு போய்ச் சேர்ந்தது. புல் இல்லை, பாறை இல்லை, மண் இல்லை... பூ. காற்று வந்தபோது மலையே ஒரு மூச்சு விட்ட மாதிரி அசைந்தது. தேனீக்களின் ரீங்காரம் மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. காலண்டர் பார்க்காமல், யாரும் சொல்லாமல், பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு இத்தனை செடியும் ஒன்றாக எப்படி...

ஆக்ஸிலியாவின் கை தானாகவே நெற்றியில் சிலுவை போட்டது. பக்கத்தில் கந்தம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். செல்வமேரி வாயில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"எனக்கு இது மூணாவது பூவு" என்றாள் கந்தம்மாள் மெதுவாக. "மொதப் பூவுக்கு இவனுக்கு நாலு வயசு. தோள்ல தூக்கிக் காமிச்சேன்."

"நம்பவே முடியலங்க..." என்றாள் ஆக்ஸிலியா.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி டீச்சர்?" மதன் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். முதல் முறையாக 'மேடம்' போய்விட்டது. "அந்தப் புதர் கிட்ட நில்லுங்க, படம் எடுக்கணும். ஆள் நின்னாத்தான் அளவு தெரியும்."

"பேர் போடுவீங்களா?"

அவன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் சிவப்புப் பேனாவால் எழுதிய தாளை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினாள். "நான் கேட்ட கேள்வி சரி. ஆனா பதில் வர்றதுக்கு முன்னாடியே 'பொய்'னு எழுதிட்டேன். ஆதாரம் பத்தலைன்னா 'இன்னும் தெரியல'ன்னுதான் எழுதணும். அப்புறம் போய்த் தேடணும். நான் தேடல. செல்வமேரி சொன்னப்ப சிரிக்கவும் விட்டுட்டேன். அது என் தப்பு. செல்வமேரி, சாரிம்மா." பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் சாரி கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. அதுவும் ஒரு குறிஞ்சிதான். "வர்ற சனிக்கிழமை எல்லாரும் கவுஞ்சி போறோம். நீங்களே பார்த்துட்டு வந்து எழுதுங்க."

சாயந்திரம் ஏழு ரோட்டில் மறுபடி தூறல். இந்த முறை அவள் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தாள்.

"பரவாயில்லையே, பழகிட்டீங்க" என்றான் மதன். சிரிக்கப் பார்த்தான். திரையை அவள் பக்கம் திருப்பினான்.

'மேல்மலைச் செய்தி' திரும்பி வந்திருந்தது. சரிவு முழுக்க நீலம், நடுவே சின்னதாக ஒரு பெண். கீழே எழுத்து.

எழுதியவர்: மதன். அழகையா, கந்தம்மாள் மகன். கவுஞ்சி.
பார்த்த நாள்: 26 ஆகஸ்ட் 2006, காலை.
எப்படித் தெரியும்: நேரில் பார்த்தது. முன்பு இங்கே இருந்த படம் வேறு ஊருடையது. அது என் தவறு.
வேறு யார் சொல்கிறார்கள்:

அந்த நாலாவது வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"சிலோன்காரப் பயன்னு மறுபடி சொல்வாங்க" என்றாள் அவள்.

"சொல்லட்டும். யாரு எழுதினதுன்னு தெரிஞ்சு சொல்லட்டும்." கீபோர்டை அவளிடம் நகர்த்தினான். அவள் குனிந்து, ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினாள். ஆக்ஸிலியா, ஆசிரியை, கொடைக்கானல்.

"இன்னொரு விஷயமும் இருக்கு" என்றான் மதன். "எந்தப் பக்கத்துலயும் போடாதது. நீங்கதான் சரிபார்க்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி டீச்சர் முகத்தை வைத்துக்கொண்டாள். "யார் சொன்னது?"

"மதன். பேர் போட்டே சொல்றான்."

"எப்ப இருந்து?"

"ஆகஸ்ட் பதினேழு, வியாழக்கிழமை, மூணு மணி. நல்ல மழை. ஸ்டூல்லருந்து விழுந்த நிமிஷத்துல இருந்து."

"எப்படித் தெரியும்?"

"ஒரு வாரம் நீங்க இந்த ரோட்டுல வரல. தெனமும் அந்தக் கொங்காணிய எடுத்து மறுபடி ஆணியில மாட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு டீச்சர். இதுல இரவல் படம் எதுவும் இல்ல."

தூறல் தகர ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. அவள் நாலாவது கேள்வியைக் கேட்கவில்லை. அவன்தான், அடி வாங்கக் காத்திருக்கிற பையனைப் போல, மெதுவாகக் கேட்டான்.

"வேற யாராவது... சொல்றாங்களா?"

ஆக்ஸிலியா நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இப்போது சண்டை இல்லை. "நானும் சொல்றேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது. "ஆனா எங்கப்பா சிலுவைராஜ் நாலு கேள்வியோட நிறுத்த மாட்டார். நாப்பது கேப்பார்."

"கேக்கட்டும். எல்லாத்துக்கும் தேதி போட்டு வச்சிருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து கொங்காணியைத் தானே எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஒரு தடவை பார்த்தா போதாதுங்க. 2018-லயும் போய்ச் சரிபார்க்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து."

மதன் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தான். அதில் டிசம்பர் வரைதான் இருந்தது. கடைசித் தாளைப் புரட்டி, அதன் பின்புறத்தில் அந்த வருஷத்தை எழுதி வைத்தான்.